ஆயாவிடம் சமர்த்து, அம்மாவிடம் ரகளை

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மதிய ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். கணவர் டெம்போ ஓட்டுகிறார். பையனை என் மாமியார், அவனுடைய ஆயா, பார்த்துக்கொள்கிறார். அவரிடம் சொன்னபடி கேட்கிறான், பள்ளியிலும் நல்ல பெயர். நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் ஆரம்பித்துவிடுகிறான். தோசை கிழிந்துவிட்டது, சட்டை நனைந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று போதும். தரையில் விழுந்து தலையை முட்டுகிறான், என் கையைக் கடிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தோம். முந்தின இரவு நான் வரும்வரை விழித்திருந்தான். காலையில் ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான் சாப்பிட்டான். உச்சி வெயிலில், பொம்மை ஜேசிபி வேண்டுமென்று நடுவழியில் விழுந்து புரண்டான். கூட்டம் கூடிவிட்டது. அழுத அழுகையில் மூச்சு நின்று, உதடு நீலமாகி, சில நொடி துவண்டுவிட்டான். பயந்துபோய் வாங்கிக் கொடுத்துவிட்டேன். "அடியாத மாடு படியாது" என்கிறார் கணவர். "நீ வந்தால்தான் கெடுகிறான்" என்கிறார் மாமியார். தாயத்தும் கட்டியாகிவிட்டது. இது மனநோயா? அடித்துத் திருத்துவதா? நான் வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உதடு நீலமானதை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். குழந்தைகள் மருத்துவராகிய எனக்கு அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

வீறிட்டு அழும் சில குழந்தைகள் உள்ளிருக்கும் காற்றையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, அடுத்த மூச்சை இழுக்காமல் அப்படியே நின்றுவிடுவார்கள். உதடு நீலம் பாரிக்கும். உடல் விறைக்கும், அல்லது துவண்டுவிடும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பும். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம் இதைப் பார்க்கிறோம். வளர வளர நின்றுவிடும். உங்களை மிரட்டுவதற்காக அவன் மூச்சை அடக்கவில்லை. அந்த நேரத்தில் மூச்சு அவன் சொல்பேச்சைக் கேட்பதில்லை. இனி அப்படி ஆனால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அவ்வளவுதான். முகத்தில் தண்ணீரை அடிக்காதீர்கள், வாயில் எதையும் விடாதீர்கள், தூக்கிக் குலுக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைத் திணித்துப் பயனில்லை. ஆனால் உடம்புக்குள் இருக்கும் இரும்புக்கு இதில் பங்கு உண்டு. இரும்புச் சத்து குறைந்த குழந்தைகளுக்கு இப்படி மூச்சு நிற்பது அதிகம். குறையைச் சரிசெய்தால் பலருக்கும் குறைந்துவிடுகிறது. எனவே ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச் சத்து மருந்து தர வேண்டும் என்பது அரசுத் திட்டம். அங்கன்வாடிக்குப் போகாமல் தனியார் நர்சரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது விட்டுப்போவது உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். காலை டீயை நிறுத்துங்கள். உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் அது தடுக்கும். நாலரை வயதுப் பிள்ளைக்கு டீ எதற்கு என்று எனக்கு எப்போதுமே ஒரு எரிச்சல் உண்டு, அது தனி.

அழாமலேயே, ஓடியாடும்போதோ தூக்கத்திலோ மயங்கினாலும், மயக்கம் ஒரு நிமிடத்தைத் தாண்டினாலும், கை கால் நீண்ட நேரம் வெட்டி இழுத்தாலும் கதை வேறு. அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி ரகளைக்கு வருகிறேன்.

உங்கள் மாமியார் பார்த்தது சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் தவறு. நீங்கள் வந்ததும் தொடங்குகிறான், உண்மை. பள்ளியில் வரிசையில் நிற்கிறான். பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கினால் பொறுத்துக்கொள்கிறான். டீச்சர் அதட்டினால் விழுங்கிக்கொள்கிறான். ஆயாவிடம் சமர்த்தாக இருக்கிறான், ஏனென்றால் ஆயாவும் கோபித்துக்கொண்டால் பகலில் அவனுக்கு வேறு ஆள் இல்லை. இந்தக் கணக்கெல்லாம் அவன் யோசித்துப் போடுவதல்ல, ஆனாலும் போடுகிறான். எவ்வளவு ஆடினாலும் தன்னை விட்டுவிடமாட்டாள் என்று அவன் நம்பும் ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் உங்கள் முன்னால் உடைகிறான். கிழிந்த தோசைக்கு இதில் பெரிய பங்கில்லை. வேறு எதுவும் கிடைத்திருக்காவிட்டால் தட்டின் நிறத்துக்காக அழுதிருப்பான்.

ஆகவே வேலையை விட வேண்டாம். உங்களுக்கே அந்த வேலை பிடிக்கவில்லை, உடம்பு தாங்கவில்லை என்றால் அது வேறு பேச்சு. மகனின் அழுகைக்குத் தண்டனையாக ஒரு சம்பளத்தை இழக்காதீர்கள்.

மனநோயும் அல்ல. ஒன்றரை வயதில் தொடங்கி நான்கு வயதுவரை இது எல்லா வீட்டிலும் நடப்பது. பேச்சு தெளிந்து, காத்திருக்கப் பழகப் பழக ஐந்து வயதை ஒட்டிக் குறையும். ஆசையை அடக்குவது, பொறுப்பது, ஒன்று கிடைக்காவிட்டால் வேறொன்றுக்கு மனத்தைத் திருப்புவது எல்லாம் மூளையின் முன்பகுதி செய்யும் வேலை. அந்தப் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. உங்கள் மகனிடம் இருப்பது நாலரை வருட முன்பகுதி. கோபம் தலைக்கேறும்போது உடம்பெங்கும் அட்ரினலின் பாய்கிறது, இதயம் படபடக்கிறது, இருக்கும் கொஞ்ச நஞ்ச நிதானமும் போய்விடுகிறது. அந்த நேரத்தில் "நல்ல பிள்ளை இப்படிச் செய்யுமா, அப்பாவிடம் அவ்வளவு காசு இருக்கிறதா" என்று நீங்கள் பேசுவதில் ஒரு சொல்கூட உள்ளே போகாது. அடம் வேறு, இந்த உடைதல் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழும். கேட்டது கையில் வந்த மறு நொடி கண்ணீர் நின்றுவிடும். உடைந்துபோன பிள்ளையின் கையில் ஜேசிபியைக் கொடுத்தாலும் தூக்கி எறிந்துவிட்டு அழும். பல நேரங்களில் முதலாவதாகத் தொடங்குவது இரண்டாவதாக முடிகிறது. உங்கள் சந்தைக் கதை அந்த வகை என்று நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். சனிக்கிழமை மதிய ஷிஃப்ட் முடிந்து நீங்கள் வீடு சேரும்போது இரவு பதினொன்றரை ஆகியிருக்கும். அதுவரை விழித்திருந்தவன், காலையில் சந்தைக்காக எழுப்பப்பட்டிருக்கிறான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவன் தூங்கியது ஏழெட்டு மணி நேரம். வயிற்றில் டீயும் பிஸ்கட்டும். பிறகு பஸ் நெரிசல், வெயில், ஆடு மாடுகளின் சத்தம், ஒலிபெருக்கி, வியாபாரிகளின் கூவல், ஆயிரம் கால்களுக்கு நடுவே அவன் உயரத்துக்குத் தெரியும் ஒரு உலகம். சந்தைக்குள் நுழையும்போதே அவன் பாதி உடைந்திருந்தான். ஜேசிபி கண்ணில் பட்டது பிற்பாடு.

"திடீரென்று" என்று கடிதத்தில் இங்கே அச்சிடாத ஒரு பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திடீரைக் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரத்துக்குக் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்கு முன் எப்போது சாப்பிட்டான், எப்போது தூங்கினான், எவ்வளவு நேரம் நீடித்தது, எதில் போய் அடங்கியது, அது எந்த ஷிஃப்ட் வாரம். ஷிஃப்ட்டைக் குறிக்க மறக்காதீர்கள். மதிய ஷிஃப்ட் வாரத்தின் கடைசி நாள்களில்தான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம்.

இனி, விழுந்து புரளும் அந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலில் கூட்டத்திலிருந்து விலக்குங்கள். சந்தையென்றால் ஒரு கடையின் பின்பக்கம், புளியமர நிழல், நிற்கும் வேனின் மறைவு, எதுவானாலும் சரி. நாலரை வயதுப் பிள்ளையைத் தூக்க முடியும்; பின்புறமிருந்து அணைத்துத் தூக்கினால் முகத்தில் உதை விழாது. அங்கே அவன் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். தலையை முட்டினால் தரைக்கும் தலைக்கும் நடுவே உங்கள் முந்தானையை மடித்து வையுங்கள், கையை வையுங்கள். கடிக்க வந்தால் தாடையருகே மெல்லத் தடுத்து, "கடிக்க விடமாட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். பேச வேண்டுமானால் மூன்று நான்கு சொற்கள் போதும்: "வண்டி வேண்டும். அம்மா வாங்கவில்லை. கோபம்." இதைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, மூச்சை இழுத்து மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். உங்கள் மூச்சு சீராக இருப்பது அவனுக்குத் தெரியும். அணைக்கப் போனால் திமிறுகிறானா, விட்டுவிடுங்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

அழுகையைக் காதால் கவனியுங்கள். முதலில் கூர்மையான வீறிடல், அதில் கோபம் மட்டும்தான் இருக்கும். சில நிமிடங்களில் அது உடைந்து விம்மலாக மாறும். இறுக்கிய விரல்கள் பிரியும், தோள் தளரும், கண் உங்களைத் தேடும். கோபம் இறங்கி, அடியில் இருந்த துக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் நேரம் அது. மடியில் எடுக்க வேண்டியது அப்போதுதான். அதற்கு முன்னால் எடுத்தால் உதைப்பான். அதற்குப் பிறகும் எடுக்காமல் "இனிமேல் செய்வாயா, செய்வாயா" என்று நீதி விசாரணை நடத்தினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். தண்ணீர் கொடுங்கள், முகத்தைத் துடையுங்கள், ஒரு வாழைப்பழம் இருந்தால் கொடுங்கள். அவ்வளவுதான்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "தூக்கக் கலக்கம், சரியாகிவிடுவான், நீங்கள் போங்கள்" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டுங்கள். பாதி அடி அந்தக் கண்களுக்காகத்தான் பிள்ளைகள் மீது விழுகிறது.

அடியைப் பற்றி உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு நிற்கும் ஒரு ஆலம்பாடிக் காளையை யாராவது அடித்து நிறுத்திப் பார்த்திருக்கிறாரா? தர்மபுரிப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில்தான் போவார்கள். அடியாத மாடு படியாது என்று சொல்லும் ஊரிலேயே மிரண்ட மாட்டை எவரும் அடிப்பதில்லை. அடித்தால் பிள்ளை அடங்கும், மறுக்கவில்லை. பயத்தில் அடங்கும், கோபம் வந்தால் கையை ஓங்கலாம் என்றும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். அடுத்த மாதம் அந்தக் கை பள்ளியில் இன்னொரு பிள்ளை மீது விழும். அடியைவிட மோசமான ஒன்றும் உண்டு: "இப்படி அழுதால் அம்மா திரும்பி வரமாட்டாள்" என்ற மிரட்டல். பூச்சாண்டியையும் போலீஸையும்கூட அவன் ஒரு நாள் மறந்துவிடுவான். தினமும் பஸ் ஏறிப் போகும் அம்மாவை வைத்து மிரட்டினால், அவன் தூங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன ஆச்சரியம்? வீட்டில் யாராவது அப்படிச் சொல்கிறார்களா என்று விசாரியுங்கள்.

ஜேசிபி விஷயத்தில் உங்களைக் குற்றம் சொல்லமாட்டேன். மூச்சு நின்ற பிள்ளையைப் பார்த்த எந்தத் தாயும் கடையையே வாங்கிக் கொடுத்திருப்பாள். ஆனால் இனிமேலுக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கித் தருவதாக இருந்தால் முதல் முறை கேட்கும்போதே வாங்கித் தந்துவிடுங்கள். இல்லையென்றால் இருபதாவது முறையும் இல்லைதான். ஒன்பது முறை மறுத்துப் பத்தாவது முறை கொடுப்பதுதான் பெரிய வம்பு. பத்துவரை போனால் கிடைக்கும் என்பது அவனுக்கு நன்றாகப் பதிந்துவிடும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் உறுதியாக இருக்கத் தொடங்கிய முதல் சில நாள்களில் ரகளை கூடும். பழைய சாவி ஏன் பூட்டைத் திறக்கவில்லை என்று பலமாகத் திருகிப் பார்ப்பான். அந்த நேரத்தில்தான் பல வீடுகளில் "இதெல்லாம் நம் பிள்ளைக்கு ஒத்துவராது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அழுகையை நிறுத்தச் செல்போனைக் கையில் கொடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும். அழுகை நிற்கும், ஆனால் தானாக அடங்கப் பழகும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்காது.

சொல்லிக் கொடுக்க வேண்டியதையெல்லாம் சாந்தமான நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு படுக்கையில், விளக்கை அணைத்த பிறகு, ஒரு கதைபோலச் சொல்லலாம்: சந்தைக்குப் போனோம், வண்டி பார்த்தாய், ரொம்பக் கோபம் வந்தது, அம்மா கையைக் கடித்தாய், அம்மாவுக்கு வலித்தது, பிறகு மடியில் உட்கார்ந்தாய், சரியாகிவிட்டது. திட்டு வேண்டாம். கடித்த இடத்தில் அவனே தேங்காய் எண்ணெய் தடவட்டும். மன்னிப்புக் கேள் என்று வற்புறுத்துவதைவிட அது மேல். கோபம் இல்லாத நேரத்தில் விளையாட்டாக மூச்சு பழக்குங்கள்: உள்ளங்கையில் மல்லிகை இருப்பதாக முகர்ந்து, விரல் நுனியில் தீக்குச்சி எரிவதாக ஊதி அணைப்பது. நூறு முறை விளையாடியிருந்தால் ஒரு முறை ஆத்திரத்தில் கைகொடுக்கலாம்.

கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி வரும்போது கட்டாயம் அழைத்துப் போகச் சொல்லி நச்சரிப்பான். போங்கள், ஆனால் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு. புறப்படுவதற்கு முன்னால் வீட்டிலேயே பேசிவிடுங்கள்: "ராட்டினம் இரண்டு சுற்று, ஐஸ்கிரீம் ஒன்று, பொம்மை இல்லை." கிளம்பும்போது "ஐந்து நிமிடம்" என்று சொல்வது அவனுக்குப் புரியாது, "இன்னும் ஒரு சுற்று, அப்புறம் பஸ்" என்றால் புரியும்.

உங்கள் ஷிஃப்ட்டுக்கு வருவோம். காலை ஷிஃப்ட் முடிந்து மாலையில் வந்ததும் முதல் கால் மணி நேரத்தை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். பையை வைத்துவிட்டுக் கை கால் கழுவி, திண்ணையில் அவனோடு உட்காருங்கள். குக்கர், துணி, போன் எல்லாம் பிறகு. கேள்வி மேல் கேள்வி வேண்டாம். அவன் மடியில் ஏறுவதாக இருந்தால் ஏறட்டும், சும்மா இருப்பதாக இருந்தால் சும்மா இருக்கட்டும். மதிய ஷிஃப்ட் வாரத்தில் அவன் காத்திருப்பதை நிறுத்த வேண்டும். "தூங்கு, அம்மா சீக்கிரம் வந்துவிடுவேன்" என்ற பொய் வேண்டாம். "நீ தூங்கிய பிறகுதான் வருவேன். வந்ததும் உன் தலையணை அடியில் ஒரு புளியங்கொட்டை வைப்பேன். காலையில் எடுத்துப் பார்" என்று சொல்லுங்கள். அதை ஒரு நாளும் தவறாமல் செய்யுங்கள். எட்டரை மணிக்கு ஆயா படுக்க வைக்கட்டும். காலண்டரில் காலை ஷிஃப்ட் வாரத்துக்குச் சூரியனும் மதிய ஷிஃப்ட் வாரத்துக்கு நிலாவும் அவன் கையாலேயே வரைந்து வைக்கட்டும். புறப்படும்போது அவனுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். சொல்லிவிட்டுப் போனால் கொஞ்சம் அழுவான். சொல்லாமல் போனால் நீங்கள் எந்த நேரமும் காணாமல் போகலாம் என்று உங்கள் முந்தானையையே பிடித்துக்கொண்டு திரிவான்.

தாயத்து இருக்கட்டும், அது ஒன்றும் செய்யாது. சுற்றிப் போடுவதும் உங்கள் மாமியாரின் மன நிம்மதிக்கு. மிளகாய்ப் புகையை முகத்தருகே காட்டுவதும், சூடு வைப்பதும் மட்டும் கூடவே கூடாது.

சில விஷயங்கள் இருந்தால் கடிதத்தோடு நிற்க வேண்டாம், நேரில் காட்ட வேண்டும். ரகளை பெரும்பாலும் 25 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, ஒரே நாளில் பலமுறை வருவது, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போவது, ஆறு வயதிலும் குறையாமல் இருப்பது. பேச்சு வயதுக்கேற்ப வராமலிருப்பது, வந்த பேச்சு குறைவது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருப்பது, மிக்சி சத்தத்துக்கோ சட்டைக் காலரின் உரசலுக்கோ தாங்க முடியாமல் துடிப்பது. இப்படி ஏதாவது இருந்தால் உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் தொடக்கநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். பிறந்த குழந்தையிலிருந்து பதினெட்டு வயதுவரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. அவன் முட்டுவதும் கடிப்பதும் காயமாகும் அளவுக்குப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள். மற்றபடி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவனிடம் இவை எதுவும் தெரியவில்லை.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நள்ளிரவில் வந்து விடியலில் எழும் உடம்புக்குப் பொறுமை குறைவது இயல்பு. கை ஓங்கிவிடும் என்று தோன்றும்போது, அவனைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்து, "அம்மா தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். அழுகை வருகிறது, தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். இலவசம், எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

இரண்டு வாரம் நோட்டில் குறித்த பிறகு, ரத்தப் பரிசோதனை முடிவோடு ஒருமுறை நேரில் வாருங்கள். மாமியாரையும் அழைத்து வாருங்கள். பகலெல்லாம் அவனைச் சாப்பிட வைத்து, குளிப்பாட்டி, பார்த்துக்கொள்பவர் அவர். "உங்களால்தான் பையன் இந்த அளவுக்கு நன்றாக இருக்கிறான்" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எட்டரை மணித் தூக்கத்தைப் பற்றி நான் பேச்சை எடுக்கப்போகிறேன்.